முகூர்த்தத்துக்கு ஒரு மதர்போர்டு

அக்கா மகளுக்குக் கல்யாணம் வைத்துவிட்டு வீடே ஜவுளிக்கடைகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது, தாய்மாமனாகிய நான் டவுன்ஹால் ரோட்டில் மதர்போர்டு தேடிக்கொண்டிருந்தேன். இப்போது சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த ஒரு மாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

விஷயம் இதுதான். அக்கா வீட்டுக்காரர், என் அத்தான், வளைகுடாவில் ஏசி மெக்கானிக். மகள் கல்யாணத்துக்கு லீவு சொல்லி, டிக்கெட் பார்த்து, மருமகனுக்கு வாட்ச்கூட வாங்கி வைத்திருந்தார். இங்கே பத்திரிகை அடித்து முடித்த பிறகு, விசா புதுப்பிக்க வேண்டும் என்று கம்பெனி பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டது. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று இழுத்தார்கள். கடைசியில், கல்யாணத்துக்குள் கைக்கு வராது என்று சொல்லிவிட்டார்கள். தேதியைத் தள்ளலாம் என்றால், ஆனியில் மாப்பிள்ளைக்கு நேரம் சரியில்லையாம், ஆடியில் ஆகவே ஆகாது. அக்கா அழுதாள். அத்தான் அழவில்லை. "நடத்துங்க. நான் இங்கருந்தே பாத்துக்கிறேன்" என்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

"மாப்ள, வெளியாளுட்ட விடாத. நீ காட்டிரு. மத்ததெல்லாம் முன்னப் பின்ன இருந்தாலும் பரவால்ல. தாலி கட்டுறத மட்டும் நான் பாத்துரணும்."

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். அவருடைய அம்மா தவறியபோதும் அவரால் வர முடியவில்லை. சொந்தத்தில் யாரோ போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தத்தனேரிச் சுடுகாட்டில் கொள்ளி வைக்கும் நேரம் பார்த்துப் படம் அப்படியே நின்றுவிட்டது. படம் திரும்ப வந்தபோது ஆட்கள் கை கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். அதற்காக அவர் யாரையும் குறை சொன்னதில்லை. என்னிடம் மட்டும் ஒரு தடவை சொன்னார்: "நின்னு போன படத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன் மாப்ள. இந்தா நகந்துரும், இந்தா நகந்துரும்னு." அதைக் கேட்டவன் நான். அப்புறம் எப்படி நிம்மதியாக இருக்க முடியும்?

நான் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைக் கவனித்துக்கொள்கிறவன். சொந்தக்காரர்கள் கணக்கில் இது ராக்கெட் விடுகிற வேலை. பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் எனக்குத்தான் போன், டிவி ரிமோட் வேலை செய்யவில்லை என்றாலும் எனக்குத்தான் போன். நிச்சயதார்த்தத்தையும் என் வீட்டுக் கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் வைத்து நான்தான் அத்தானுக்குக் காட்டினேன். மூன்று கேமரா. ஒன்று முகங்களுக்கு, ஒன்று மொத்த மேடைக்கு, ஒன்று வருகிற போகிறவர்களுக்கு. மூன்றையும் ஒன்றாக்கி அனுப்ப வேண்டும், அவர் முகத்தையும் இங்கே டிவியில் காட்ட வேண்டும். என் பெட்டி திணறிவிட்டது. தட்டு மாற்றும்போது படம் விட்டு விட்டு வந்திருக்கிறது. கேட்டதற்கு, "நல்லாத்தான்டா தெரிஞ்சுது" என்றார் அத்தான். அந்தக் குரல் எனக்குத் தெரியாதா?

புதுக் கம்ப்யூட்டரோ, நல்ல கிராபிக்ஸ் கார்டோ வாங்குகிற நிலையில் அப்போது நான் இல்லை. ஆனால் என்னிடம் இருந்த பிராசஸர், அதாவது கம்ப்யூட்டரின் மூளை, ஒரு விசேஷமான ரகம். கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே நாமே ஏற்றி ஓட்டிக்கொள்ளலாம். இதற்கு ஓவர்கிளாக் என்று பெயர். என்ன சிக்கல் என்றால், அதை நான் ஒரு மலிவான மதர்போர்டில், எல்லாப் பாகங்களையும் தாங்குகிற பலகையில், சொருகி வைத்திருந்தேன். அந்த போர்டு வேகத்தை ஏற்ற விடாது. போர்டை மாற்றி, அதன் தற்காலிக ஞாபகமான ரேமையும் மாற்றினால் போதும், அதே மூளை இன்னும் வேகமாக ஓடும். சொல்வதற்குச் சுலபம். நான் அதுவரை ஒரு தடவைகூட ஓவர்கிளாக் செய்ததில்லை.

தெரியாத ஒன்றைக் கற்றுக்கொள்ள இந்தக் காலத்தில் வழியா இல்லை? இணையத்தில் நூறு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பார்க்கப் பார்க்க எனக்குப் பயம்தான் கூடியது. இந்த வேகம் வரை ஏற்றலாம், சூடே ஆகாது என்று ஒருவன் அடித்துச் சொல்கிறான். பார்த்தால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குப் பின்னால் ஜன்னலில் பனி. டேய், உன் ஊரில் ஆகாது. இங்கே கோச்சடையில் கத்திரி வெயிலில், மொட்டைமாடிக்குக் கீழே இருக்கிற என் அறையில், குழாயைத் திறந்தாலே கொதிக்கிற தண்ணீர் வருகிறது. எங்கள் ஊர் வெயிலைச் சேர்த்துக் கணக்குப் போட்டுச் சொல்கிறவன் ஒருத்தன்கூட இல்லை.

ஆனாலும் ஒன்று பிடிபட்டது. போர்டில் பார்க்க வேண்டியது விளக்கும் அலங்காரமும் இல்லை. பிராசஸரைச் சுற்றிச் சின்னச் சின்னக் கறுப்புக் கட்டிகள் வரிசையாக இருக்கும். அவைதான் அதற்கு மின்சாரத்தை அளந்து ஊட்டுகின்றன. வேகத்தை ஏற்றினால் பிராசஸர் அதிக மின்சாரம் கேட்கும், ஊட்டுகிற கட்டிகள் கொதிக்கும். மலிவான போர்டில் அவை வெறும் மேனியாக நிற்கும். நல்ல போர்டில் சூட்டை இழுக்க அவற்றின் மேல் அலுமினியக் கட்டி வைத்து மூடியிருப்பார்கள். என் பழைய போர்டைத் திறந்து பார்த்தேன். மொட்டை. இதை வைத்துக்கொண்டா நிச்சயதார்த்தத்தை ஓட்டினோம் என்று திக்கென்றது.

டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், எனக்குப் பழக்கமான பாய் ஒருவர் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். ஆனால் எதை எடுத்தாலும் விளக்கு எரிகிறதையே விற்கப் பார்ப்பார். நான் போய் நின்றதும் ஒரு போர்டை எடுத்து வைத்தார்.

"அண்ணே, இதுல பாருங்க. பாட்டுப் போட்டா அதுக்கு ஏத்த மாதிரி லைட்டு ஆடும்."

"எனக்கு ஆட வேணாம் பாய். நிக்கணும்."

"எல்லாம் நிக்கும்ணே. எம்புட்டு பேரு வாங்கிட்டுப் போயிருக்காங்க."

நான் அதைத் திருப்பிப் பார்த்தேன். கட்டிகளில் பாதிக்குத்தான் அலுமினியம், மீதி மொட்டை. விளக்குக்குக் கொடுத்த இடத்தை அதற்குக் கொடுத்திருக்கலாம் என்று எரிச்சல் வந்தது. வேறு எடுக்கச் சொன்னேன். இன்னொன்று எடுத்தார். அது பிராசஸருக்குப் பொருந்தும், ஆனால் வேகத்தை ஏற்ற விடாத ரகம். மூன்றாவதாக, மேல் தட்டில் தூசி படிந்து கிடந்த ஒரு பெட்டியை இறக்கினார். சாம்பல் நிறம், விளக்கு கிடையாது. கட்டிகள் முழுக்கத் தடித்த அலுமினியம். பின்பக்கம், ஒயர் சொருகுகிற இடத்தில், விரல் நுனி அளவுக்கு ஒரு பொத்தான். அதை அமுக்கினால், நாம் ஏற்றி வைத்த வேகம், வோல்டேஜ் எல்லாவற்றையும் மறந்துவிட்டு போர்டு பிறந்த நாள் நிலைமைக்குத் திரும்பிவிடும். மற்ற போர்டுகளில் இதற்கு உள்ளே கையை விட்டு பேட்டரியைக் கழற்ற வேண்டும்.

"இந்தப் பொத்தானுக்காகவா இத எடுக்குறீங்க? அத யாருண்ணே அமுக்கப் போறா?" என்று பாய் சிரித்தார்.

"யாரும் அமுக்கக் கூடாதுன்னுதான் பாய் வேண்டிக்கிறேன்" என்றேன். விளையாட்டுக்குச் சொன்னதில்லை.

ரேம் எடுப்பதில் இன்னும் பெரிய தலைவலி. பிராசஸர் வேகம் தாங்கவில்லை என்றால் சட்டென்று நின்றுவிடும், கண்ணுக்குத் தெரியும். ரேம் அப்படி இல்லை. வேகத்தைத் தாங்குகிற மாதிரியே காட்டிக்கொண்டு, உள்ளே எங்கேயோ ஒன்றை மாற்றிப் போட்டுவிடும். ஒரு மணி நேரம் நன்றாக ஓடும், நாமும் நம்பிவிடுவோம், பிறகு காரணமே இல்லாமல் எல்லாம் உறைந்து நிற்கும். உறைந்து என்ற சொல்லை இணையத்தில் படித்ததும் எனக்கு அத்தான் ஞாபகம்தான் வந்தது.

பாய் இரண்டு தனித்தனி ரேம்களை எடுத்து வைத்தார். "ஒரே கம்பெனி, ஒரே ஸ்பீடு, ஒரே கலரு. ரெண்டும் ஒண்ணுதாண்ணே."

"ஒரே அட்டையில ஜோடியா வந்தது வேணும் பாய். மேல ஒரே பேரு போட்டிருந்தாலும் உள்ள வேற வேற சிப்பு வச்சிருப்பான். தனித்தனியா ஓடும், சேத்துப் போட்டா வேகத்துல சண்டை போடும்."

"பொருத்தம் பாத்துத்தான் வாங்குவீங்களோ?"

"பத்துப் பொருத்தமும் பாக்கணும்."

எந்தெந்த ரேமைச் சொருகிச் சோதித்தோம் என்று போர்டு கம்பெனியே ஒரு பட்டியல் போட்டிருந்தது. அங்கேயே நின்று போனில் தேடித் தேடிப் பார்த்தேன். கடையில் இருந்ததிலேயே வேகமான ஜோடி அதில் இல்லை. அதற்கு ஒரு படி கீழே இருந்த ஜோடி இருந்தது. வேகமானதா, பட்டியலில் இருப்பதா என்று அரைநாள் போலத் தோன்றும் அளவுக்கு அங்கே நின்றேன். பாய் டீ வாங்கிக் கொடுத்தார், குடித்தேன், மறுபடியும் நின்றேன். கடைசியில் கீழ்ப்படி ஜோடியையே எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பெரியார் பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் வேகமானதையே எடுத்திருக்கலாமோ என்று தோன்றிவிட்டது. என் புத்தி அப்படி.

வீட்டில் மாட்டி, வேகத்தை ஏற்றி, சோதனை ஓட விட்டேன். காலையில் ஓட விட்டால் தேறியது. சரி என்று சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓட விட்டேன். பாதியில் சிவப்பில் ஒரு வரி வந்தது: ரேமில் தவறு. ஒரே ஒரு தவறு. உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது, வெயிலால் மட்டும் இல்லை. வேகத்தை ஒரு படி இறக்கினேன். அடுத்த மத்தியானம் தேறியது. அதற்கடுத்த மத்தியானம் மறுபடி சிவப்பு. ஏனென்றால் அன்றைக்கு வெயில் இன்னும் கொஞ்சம் கூடுதல். இதற்கு எங்கே போய் முட்டிக்கொள்வது? முகூர்த்தம் காலையில்தானே என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். கூட்டமும் ஹோமமும் சேர்ந்தால் மேடையில் காலை என்ன மத்தியானம் என்ன என்று அடுத்த நொடியே நானே கேட்டுக்கொள்வேன்.

என் மனைவி மாடிப்படியில் பாதியிலேயே நின்றுகொண்டு கேட்பாள்: "கல்யாணம் பொண்ணுக்கா, பொட்டிக்கா?"

"உனக்கென்ன தெரியும் இதப் பத்தி?"

"ஒண்ணும் தெரியாதுதான். தாய்மாமன் மாலைக்குச் சொல்லிட்டியான்னு உங்க அக்கா ரெண்டு தடவ கேட்டுட்டாக. அது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. மறந்தே போயிருந்தேன். மாலைக்குச் சொல்ல ஓடினேன். பூக்கடையில் நின்றுகொண்டும் யோசனை பெட்டியில்தான். ஒரு மாதிரி ஆகிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் அத்தானோ என்று பதறுவேன். அவரோ, பாவம், ஒரு தடவைகூட இதைப் பற்றி ஞாபகப்படுத்தவில்லை. "மாப்ள இருக்கான், அவன் பாத்துக்கிருவான்" என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம். அந்த நம்பிக்கைதான் என்னை இன்னும் கொன்றது. இரண்டு திட்டு திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருப்பேன்.

கடைசியில் ஒரு வேகத்தைப் பிடித்தேன். மத்தியானத்திலும் தேறியது, மூன்று கேமராவையும் இழுத்தது, படம் தண்ணீர் மாதிரி ஓடியது. ஒரே நிபந்தனை, கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றி வைத்து, எதிரே மேசை விசிறியை ஓட விட வேண்டும். மூடினால் சூடு தாங்காமல் சிவப்பு வரும். சரி, கதவு கிடக்கட்டும், வீட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அது ஒரு பெரிய யோசனை என்று அப்போது எனக்கு நினைப்பு.

கல்யாணம் திருப்பரங்குன்றத்தில் ஒரு மண்டபத்தில். வைகாசி முகூர்த்த நாளில் அந்த ஊர் எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். தெருவுக்கு நாலு கல்யாணம், எந்தப் பக்கம் திரும்பினாலும் நாதஸ்வரம். அம்புட்டுக் கூட்டத்துக்கு நடுவில் போன் டவர் வேலை செய்யாது என்று தெரிந்துதான், மண்டபத்து அலுவலக அறையிலிருந்து மேடை வரைக்கும் இணைய ஒயரை இழுத்திருந்தேன். மேடையின் ஓரத்தில், வாழை மரத்தை ஒட்டிப் பெட்டி. பக்கத்தில் பெரிய டிவி. பெட்டியைப் பார்த்துக்கொள்ள என் மனைவி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். "நீங்க போய் மாமனா நில்லுங்க. இத நான் பாத்துக்கிறேன்" என்றாள். பட்டுப்புடவையும் நகையுமாக ஒருத்தி மேசை விசிறிக்குக் காவல் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இணைப்புக் கொடுத்ததும் டிவியில் அத்தான் வந்தார். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, நெற்றியில் விபூதி. அவருக்குப் பின்னால் இரும்புக் கட்டில்கள், ஒன்றின் மேல் ஒன்று. மேல் கட்டிலில் அறைக்காரர்கள் வரிசையாகக் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மண்டபமே ஒரு நிமிஷம் சிரித்தது, பிறகு பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். அவர் கையெடுத்து எல்லோரையும் கும்பிட்டார். தாரை வார்க்க அத்தானின் தம்பியும் அவர் மனைவியும் மணையில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா செய்ய வேண்டியதைச் சித்தப்பா செய்தார். அத்தானுக்கு மிச்சம் இருந்தது பார்ப்பது மட்டும்தான்.

நான் மாலை போட்டு மருமகளைக் கைபிடித்து அழைத்து வந்தேன். கால் நடந்தது, கண் டிவியைவிட்டு அகலவில்லை. தட்டில் தாலியை வைத்து எல்லோரிடமும் ஆசி வாங்கக் கொண்டுபோனார்கள், கூடவே அட்சதையும் கொடுத்தார்கள். தட்டு திரும்பி வந்தது. ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். மந்திரம் இன்னும் முடியவில்லை. மேளம் கொஞ்சம் ஏறியது, அவ்வளவுதான். பின்வரிசையில் இருந்தவர்களுக்கு மேடை தெரியவில்லை, கேமராக்காரர்கள் மறைத்துக்கொண்டு நின்றார்கள். கட்டியாகிவிட்டது என்று நினைத்து யாரோ ஒருவர் அட்சதையை வீசினார். ஒருவர் வீசினால் போதாதா? மண்டபமே எழுந்து வீசியது. மஞ்சள் அரிசி மழையாகக் கொட்டியது. மணமக்கள் மேல், ஐயர் மேல், என் மேல். கதவு கழற்றி வைத்த என் பெட்டியின் மேலும்.

கற்றுக்கொடுத்த நூறு பேரில் ஒருத்தனாவது அட்சதையைப் பற்றிச் சொன்னானா? அவன் ஊரில் யாரும் கம்ப்யூட்டர் மேல் அரிசி போடுவதில்லை. எனக்கு எங்கே போயிற்று புத்தி? பிறந்ததிலிருந்து எத்தனை கல்யாணத்தில் நானே கை நிறைய வாங்கி வீசியிருக்கிறேன்!

டர்ர்ர் என்று ஒரு சத்தம். "என்னங்க!" என்று என் மனைவி கத்தினாள். டிவியில் அத்தான் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. பிறகு இருட்டு.

மேடையிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. பெட்டிக்கு முன்னால் மண்டி போட்டுக் கிடந்தேன். பிராசஸர் மேல் இருக்கிற விசிறியில் இதழ்களுக்கு நடுவில் அரிசி சிக்கி அது நின்றிருந்தது. நெய்யும் மஞ்சளும் பிசைந்த அரிசி, விரலில் ஒட்டுகிறது, வெளியே வர மாட்டேன் என்கிறது. ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஒன்றை எடுத்தால் இரண்டு உள்ளே போயிற்று. மனைவி தலையிலிருந்து ஹேர்பின்னை உருவிக் கொடுத்தாள். பவர் பொத்தானை அமுக்கினேன். எழுந்தது, விசிறி சுற்றியது, அணைந்தது. மறுபடி தானாக எழுந்தது, அணைந்தது. சூட்டில் கிடந்த ரேம் அந்த வேகத்தில் எழுந்திருக்க மறுக்கிறது. பக்கத்தில் யாரோ போனில் அத்தானைக் கூப்பிட்டுப் பார்க்கிறார்கள். "சுத்திக்கிட்டே இருக்கு, போகல" என்கிறார்கள். முடிந்தது, நான் அவரை ஏமாற்றிவிட்டேன் என்று தோன்றியது. தத்தனேரியில் நின்ற அதே படம். அதை இரண்டாம் தடவை அவருக்குக் கொடுத்தவன் நான்.

அப்போதுதான் மேடையில் அக்கா குரல் கேட்டது.

"கட்டாதீங்க மாப்பிள்ளை. கையிலயே வச்சிருங்க."

மேளம் தடுமாறி நின்றது. மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்தில் சலசலப்பு. "நல்ல காரியத்துல இதென்னம்மா பேச்சு?" என்று ஒரு பெரியவர் எழுந்தார். அக்கா அவரைப் பார்க்கவே இல்லை, ஐயரைப் பார்த்தாள்.

"சாமி, நேரம் எதுவரைக்கும் இருக்கு?"

"பத்தரை வரைக்கும் இருக்கும்மா."

"பெறகென்ன? அவரு பாக்காம எம்மகளுக்குத் தாலி ஏறாது. மேளக்காரரே, நீங்க பாட்டுக்கு வாசிங்க."

மாப்பிள்ளை இரண்டு கையாலும் தாலியைப் பிடித்தபடி, "இருக்கட்டும் அத்தை, நான் வச்சிருக்கேன்" என்றார். நல்ல பையன். மருமகள் குனிந்த தலையைக் கொஞ்சம் திருப்பி, "மாமா, பைய பாருங்க. பதறாதீங்க" என்றாள்.

அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. ஒரு மாதமாகப் பெட்டி நிற்கக் கூடாது, நிற்கக் கூடாது என்று செத்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் நிற்கும் என்று என் மண்டையில் ஒரு தடவைகூட உறைக்கவில்லை. ஒரு பத்து நிமிஷம் கல்யாணம் நிற்கலாம். யாருக்காகவாவது நிற்கலாம்தானே?

அழுதபடியே கையைப் பின்பக்கம் விட்டுத் தடவினேன். பொத்தான் விரலில் பட்டது. பாய் சிரித்த பொத்தான். அமுக்கிப் பிடித்தேன். ஏற்றி வைத்த வேகம், பார்த்துப் பார்த்து வைத்த வோல்டேஜ், மத்தியான வெயிலில் தேற்றிய கணக்கு, எல்லாம் போயிற்று. போகட்டும். பெட்டி எழுந்தது. இந்தத் தடவை அணையவில்லை. கம்பெனி வைத்த சாதாரண வேகத்தில், ஆடி அசைந்து மேலே வந்தது. மூன்று கேமராவை இனி அது இழுக்காது. இரண்டின் ஒயரைப் பிடுங்கி எறிந்தேன். முகங்களைப் பார்க்கிற ஒன்று மட்டும் போதும்.

டிவியில் வெளிச்சம் வந்தது. அத்தான் முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேல் கட்டிலில் இருந்த ஒருவர் அவர் தோளைத் தட்டினார். நிமிர்ந்து பார்த்தார். மாப்பிள்ளை கையில் தாலி அப்படியே இருந்தது.

"இன்னும் கட்டலயா?" என்றார்.

"உங்களுக்காகத்தான் நிக்கிறோம்" என்றாள் அக்கா.

கெட்டிமேளம் என்று ஐயர் கையைத் தூக்கினார். நான் நிமிரப் போனேன். அதற்குள் பார்த்துவிட்டேன், மண்டபத்தில் எல்லோர் கையும் மறுபடி உயர்கிறது. முதல் தடவை வீசியது போதாதென்று தட்டில் மிச்சம் இருந்த அட்சதை அத்தனையும். என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. தாய்மாமனுக்குப் போட்ட புதுத்துண்டை உருவிப் பெட்டியின் திறந்த பக்கத்தில் விரித்து, அது விசிறிக்குள் போய்விடாதபடி கையை ஊன்றி, பெட்டியின் மேல் கவிழ்ந்து படுத்துவிட்டேன். என் முதுகில் அரிசி கொட்டியது. காதை அடைக்கிற மேளம். என் கண்ணுக்கு முன்னால், துண்டின் இடுக்கில், அந்தச் சின்ன விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்று, சுற்று என்று அதனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

மேளம் இறங்கிய பிறகு தலையைத் தூக்கினேன். நாத்தனார் முடிச்சுக்கூடப் போட்டு முடித்திருந்தார்கள். டிவியில் அத்தான் அழுதுகொண்டிருந்தார், கட்டில்காரர்கள் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். படம் நிற்கவே இல்லை.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது அவர் இன்னும் இணைப்பில்தான் இருந்தார். வேலைக்கு நேரமாகிவிட்டது, வேட்டியை மாற்றப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"மாப்ள, தாலி கட்டும்போது எங்கடா போன? மாமன் நிக்கிற எடத்துல ஆளையே காணோம்?"

"இங்கதான் அத்தான் இருந்தேன். பொட்டிக்கிட்ட."

"பிள்ள நிமிந்து கேமராவப் பாத்து என்னையப் பாத்துச் சிரிச்சாடா. நீ பாத்தியா?"

"இல்ல அத்தான். நான் ஒண்ணுமே பாக்கல" என்றேன். பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தேன். "நீங்க சொல்லுங்க. எப்படிச் சிரிச்சா?"

அவர் வேட்டி மாற்றப் போவதை விட்டுவிட்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.